கழிபொருளும் கைத்திறனும்

ஒரு பொருள் தனக்கென அமைந்த முதற்பயனை முடித்தவுடன் அதனைக் குப்பையென ஒதுக்கிவிடுதல் இக்காலத்து வழக்கமாகிவிட்டது. பால்மாப் பேணி, ஜாம் போத்தல், நூற்கட்டை, ஒட்டுப்போட முடியாத சயிக்கிள் ரியூப், எழுதி முடித்த அப்பியாசக் கொப்பி ஆகிய யாவும் எம் வீடுகளில் முன்னர் இரண்டாவது பிறவியொன்றை எடுத்த பின்னரே மறைந்தன. இன்றோ அவை நேரே குப்பைத்தொட்டியை அடைகின்றன. இம்மாற்றத்தால் நாம் இழப்பன சில பேணிகளும் போத்தல்களும் எனின், அதுபற்றி வருந்த வேண்டுவதில்லை. அவற்றைக் கையிலெடுத்து, ‘இதனால் வேறென்ன செய்யலாம்?’ என்று வினவும் பழக்கத்தையே நாம் இழந்து வருகின்றோம். அப்பழக்கத்தின் பெறுமதியை, மாணவர் தம் கையாற் செய்து பார்க்கத்தக்க சில விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு இங்கு விளக்க முயல்வோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. கழிபொருள்களிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்வதால் நாட்டின் குப்பைமேடு குறைந்துவிடும் என்று நாம் கூறவில்லை. போத்தலாற் செய்த வண்டிலும் ஒருநாள் உடையும். உடைந்தபின் அதுவும் குப்பையே. பாவித்தெறியும் பிளாத்திக்குப் பொருள்கள் பலவற்றை 2023 ஒக்டோபரில் இலங்கை அரசு தடைசெய்தது. குப்பையைக் குறைக்கும் பெருவழி அத்தகைய சட்டமும் எமது சிக்கனமுமேயாம். கைவினையால் வரும் ஊதியம் வேறு. அது குப்பைமேட்டிலே தோன்றாது; செய்தவன் கையிலும் கருத்திலும் தோன்றும்.

எமது மண்ணின் பழைய விளையாட்டுக் கருவியிலிருந்து தொடங்குவோம். நுங்கைக் குடித்தபின் எஞ்சும் கோம்பை மாட்டுக்கு உணவாகும். அதற்கு முன்னர் அது சிறுவருக்குச் சில்லாகும். ஒத்த அளவினவான இரு கோம்பைகளை ஒரு குறுந்தடியின் இரு முனைகளிலும் செருகி, கவர்விட்ட நீண்ட தடியொன்றை அக்குறுந்தடியின் நடுவிற் பொருத்தித் தள்ளினால் வண்டில் ஓடும். பணமின்றி, ஆணியின்றி, ஆசிரியரின்றிப் பல தலைமுறைச் சிறுவர் செய்த கருவி இது. சில்லும் அச்சும் சேர்ந்த எளிய பொறியின் இயல்பினை அவர்கள் இதனாலேயே முதலில் உணர்ந்தனர். ஒரு கோம்பை பெரிதாகவும் மற்றையது சிறிதாகவும் இருப்பின் வண்டில் சிறிய கோம்பையின் பக்கம் வளைந்து செல்லும். கவர் அச்சோடு தேயுமிடத்து உராய்வு மிகுதலின், அங்கு சிறிது எண்ணெய் பூசியவனின் வண்டில் இலகுவாக ஓடும். பாடநூலிற் பின்னர் வரும் பாடம் முற்றத்தில் முன்னரே நடந்துவிடுகின்றது.

அடுத்தது நூற்கட்டை வண்டி. வேண்டிய பொருள்கள் நான்கு: வெறும் நூற்கட்டை ஒன்று, மெழுகுதிரியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் அரிந்தெடுத்த வில்லை ஒன்று, பழைய சயிக்கிள் ரியூப்பைக் குறுக்கே வெட்டிப் பெற்ற மெல்லிய இறப்பர் வளையம் ஒன்று, தடிகள் இரண்டு. தடிகளில் ஒன்று பாதித் தீக்குச்சி; மற்றையது பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள ஈர்க்கு. இறப்பர் வளையத்தை நூற்கட்டையின் துளைவழியே செலுத்தி, ஒரு பக்கத்திற் பாதித் தீக்குச்சியை அதனுட் செருகி, அது சுழலாதவாறு ஒட்டிவிடுக. மறுபக்கத்தில் மெழுகு வில்லையின் நடுவே துளையிட்டு, அதனூடாக வளையத்தை இழுத்து, அதன் கண்ணில் ஈர்க்கைச் செருகுக. ஈர்க்கின் ஒரு முனை நூற்கட்டையின் விளிம்புக்கு வெளியே நன்கு நீண்டிருத்தல் வேண்டும். இனி ஈர்க்கை முப்பது முறை சுற்றி நிலத்தில் வைத்தால் வண்டி தானே மெல்ல ஊர்ந்து செல்லும்.

இது நிகழ்வது எவ்வாறு? முறுக்கிய இறப்பரில் அழுத்த சக்தி சேமிக்கப்படுகின்றது. முறுக்கு அவிழும்போது ஈர்க்கும் கட்டையும் எதிரெதிர்த் திசையிற் சுழல முற்படுகின்றன. ஈர்க்கின் நீண்ட முனை நிலத்தில் ஊன்றித் தடைப்படுதலால், கட்டையே உருண்டு செல்கின்றது. சேமித்த சக்தி இயக்க சக்தியாக மாறுகின்றது. மெழுகு வில்லை வழுவழுப்பாயிருந்து ஈர்க்கும் கட்டையும் ஒன்றோடொன்று இறுகாதவாறு காக்கின்றது. வில்லையை எடுத்துவிட்டுச் செய்து பார்க்கும் மாணவனுக்கு அதன் பயனை எவரும் கூறவேண்டியதில்லை. வழுக்கும் சீமெந்து நிலத்தில் வண்டி நின்றவிடத்தே சுழலுமாயின், கட்டையின் விளிம்புகளில் இறப்பர் நாடாவைச் சுற்றுக. உராய்வு ஓரிடத்திற் பகையாகவும் பிறிதோரிடத்தில் நட்பாகவும் விளங்குதலை இச்சிறு வண்டி ஒருங்கே காட்டும்.

இரண்டு பேணிகளும் ஒரு நூலும் கிடைத்தால் தொலைபேசி செய்யலாம். மூடி நீக்கிய பேணிகளின் அடியில் ஆணியால் துளையிட்டு, நூலின் முனைகளை உள்ளே விட்டுத் தீக்குச்சித் துண்டிற் கட்டுக. இருவர் இருபது மீற்றர் விலகி நின்று நூலை இறுக்கிப் பிடித்தல் வேண்டும். ஒருவன் பேணியினுட் பேச, அதன் அடித்தகடு அதிர்கின்றது. அவ்வதிர்வு நூல்வழியே சென்று மற்றைப் பேணியின் அடித்தகட்டை அதிரச்செய்கின்றது. அதனருகிலுள்ள காற்று அதிர்ந்து செவியை அடைகின்றது. நூல் தளர்ந்தால் ஒலி இல்லை. நூலை இடையில் ஒருவன் தொட்டாலும் ஒலி அறும். இறுக்கிய கம்பியின் வழியே ஒலியை நெடுந்தூரம் செலுத்தியதாக ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக் 1665ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலின் முகவுரையிற் குறித்துள்ளார். பெரும் விஞ்ஞானியொருவர் அன்று வியந்த செய்தியை இன்று ஐந்தாம் வகுப்பு மாணவன் பால்மாப் பேணியைக் கொண்டு மெய்ப்பித்துவிடுகின்றான்.

இனி, தைப்பொங்கற் காலத்தில் எம் வானத்தை நிறைக்கும் பட்டத்தை எண்ணிப் பார்ப்போம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆண்டுதோறும் நிகழும் பட்டப் போட்டியைக் காண மக்கள் திரளாகக் கூடுவர். அங்கு ஏறும் பெரும் பட்டங்களின் அடிப்படை இலக்கணம் வீட்டிற் செய்யும் சிறு பட்டத்திலும் உண்டு. மூங்கிற் சிலாகை, கடதாசி, பசை, நூல், பழஞ்சீலையிற் கிழித்த வால் என்பவையே அதன் உறுப்புகள். முச்சை கட்டுதலே இதில் நுட்பமான பகுதி. முச்சையின் கயிறுகள் பட்டத்தைக் காற்றுக்குச் சற்றுச் சரிவாக நிறுத்துகின்றன. அச்சரிவினாற் காற்று கீழ்நோக்கித் திருப்பப்பட, பட்டம் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. சரிவு மிகுந்தால் பட்டம் இழுக்கும், ஏறாது. குறைந்தால் படபடத்து விழும். வால் அதனை நிலைநிறுத்துகின்றது. பட்டத்தின் தலையிற் பூட்டும் விண்ணோ சிறு வில்லொன்றில் இறுக்கிக் கட்டிய நாரேயாகும். காற்றுப் பட்டவுடன் நார் அதிர்ந்து கூவும். முன்னர் இயற்கை நாரையே வாரிக் கட்டினர். பொதிகளைக் கட்டிவரும் பிளாத்திக்கு நாடா பின்னர் அவ்விடத்தைப் பெற்றது. கழிபொருளைக் கண்டவுடன் அதன் இயல்பை அளந்தறியும் கண் எம் சிறுவருக்கு இருந்ததென்பதற்கு இது நல்ல சான்று.

இக்கண் வெறும் விளையாட்டோடு நின்றுவிடவில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் முதலியன தடையாலும் தட்டுப்பாட்டாலும் கிடைத்தற்கரியனவாயின. அந்நாள்களில் ஜாம் போத்தல் விளக்காயிற்று. போத்தலின் அடியில் வைத்த பஞ்சு சிறிதளவு மண்ணெண்ணெயை ஏந்திக்கொள்ள, ஒடுங்கிய குழாயிற் செருகிய மெல்லிய திரி சிறு சுடரைத் தந்தது; கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்தது. அச்சுடரின் முன் அமர்ந்து படித்தே ஒரு தலைமுறை மாணவர் பரீட்சை எழுதினர். சவர்க்காரமில்லாதவர் பனங்களியைக் கொண்டு ஆடை தோய்த்தனர்.

பற்றறியில்லாத வானொலிக்குச் சயிக்கிள் உயிர்கொடுத்தது. சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிபடியைக் கையாற் சுழற்ற, சில்லோடு உரசிய டைனமோ மின்னைப் பிறப்பித்தது. டைனமோவினுள் காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குதலாற் கம்பியில் ஆடலோட்டம் தோன்றும். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆதலின் ஒரு திசையில் மட்டும் மின்னைச் செல்லவிடும் இருவாயிகளை இடையிற் சேர்த்து அதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் சுற்ற, அயலவர் சூழ்ந்திருந்து பீ.பீ.சீ. தமிழோசையின் செய்தி கேட்டனர். அவ்வாண்டுகளின் துயரை நாம் அழகுபடுத்த விரும்பவில்லை. அத்தகைய இல்லாமை எவருக்கும் மீண்டும் வருதல் ஆகாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருளில் ஜாம் போத்தலைக் கண்டு ‘விளக்கு’ என்று நினைத்த மனம் ஒரேநாளில் உண்டானதன்று. பேணியும் ரியூப்பும் கோம்பையும் கொண்டு விளையாடிய கைகளுக்குப் பொருளின் இயல்பு முன்னரே பழகியிருந்தது.

கைவழியே கல்வி என்னும் கருத்து அறிஞர் பலர் வற்புறுத்தியது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சென்ற காந்தியடிகள், 1937இல் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டிலே, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை நாட்டின்முன் வைத்தார். இந்தியப் பொறியியலாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சிகளையும் சயிக்கிள் வால்வு ரியூப்பையும் இணைத்துக் கேத்திரகணித உருவங்களைச் செய்யும் முறையைப் பரப்பினார். முக்கோணி அழுத்தினாலும் வடிவம் மாறாது நிற்றலையும், சதுரம் சரிந்து விழுதலையும் அவ்வுருவங்களைத் தொட்டுப்பார்க்கும் குழந்தை உடனே உணர்கின்றது. குப்பையிலிருந்து விஞ்ஞானம் கற்பிக்கும் இப்பணியில் பல்லாண்டு உழைத்த அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. எம் ஊர்ச் சிறுவர் அறியாமலே செய்தவற்றை இவ்விருவரும் அறிந்து முறைப்படுத்தினர் எனலாம்.

‘பரீட்சைக்குப் படிக்கவே நேரமில்லை, விளையாட்டுப் பொருள் செய்ய நேரமேது?’ என்று பெற்றோர் வினவுதல் இயல்பு. நூற்கட்டை வண்டி செய்ய அரைமணி நேரம் போதும். சக்தி மாற்றத்தை அவ்வரைமணியிற் கண்ணாற் கண்டவன், அதனை மனனம் செய்தற்குப் பல மணி நேரம் செலவிட வேண்டியதில்லை. அன்றியும், 2022 மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், நாடெங்கும் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதையும் நாம் மறந்துவிடலாகாது. இல்லாமை எந்நாளும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பழுதான பொருளைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத கை அத்தகைய நாளிற் பெருந்துணையாகும்.

இளைஞர் இவற்றைச் செய்யும்போது கவனிக்க வேண்டுவன சில. தகரத்தின் வெட்டிய விளிம்பை உள்ளே மடித்துத் தட்டிவிடுதல் வேண்டும். மருந்தும் கிருமிநாசினியும் இருந்த கலங்களைத் தொடலாகாது. மின்கம்பிகளுக்கு அண்மையிற் பட்டம் ஏற்றலாகாது. ஜாம் போத்தல் விளக்கைப் பார்த்து அறியலாம். பெரியோர் துணையின்றிச் செய்து கொளுத்துதல் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வீட்டைக் களஞ்சியமாக்குதலும் கைவினையாகாது. செய்யப்போவது யாதென்று தெளிந்தபின் அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்தல் அறிவுடைமை.

முடிவாக, பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம். டைனமோவைச் சுழற்றியவரும், போத்தல் விளக்கில் திரி திரித்தவரும், விண் பூட்டக் கற்றவரும் எம்முள் இன்றும் உளர். அவர்தம் அறிவு நூலில் எழுதப்பட்டதன்று, கையில் உள்ளது, கையிலிருந்து கைக்கே செல்லவல்லது. கொடுப்பார் கொடாவிடின் அது அவரோடு மறையும். விழாக்காலத்தில் கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் வழங்குதல் சிறப்பே. அதனோடு, விஞ்ஞான ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும் ஒரு பெட்டி கழிபொருளும் வைத்து, தவணைக்கு ஒருநாள் பழைய மாணவர் ஒருவர் வந்து தாம் அறிந்த ஒன்றை மாணவருடன் இருந்து செய்து காட்டுதல் கூடுமாயின், அது பொருட்செலவில்லாத நிலையான நன்கொடையாகும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்வோர் ஊர் திரும்பும் விடுமுறையில் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்கினாலும் போதும்.

கல்லூரி எமக்கு எழுத்தும் எண்ணும் தந்தது. ஊரின் முற்றம் எமக்குக் கைத்திறன் தந்தது. முற்றங்கள் சுருங்கிவரும் இந்நாளில் அவ்விரண்டாம் கடமையையும் கல்லூரியே ஏற்றல் வேண்டும். அதற்குத் துணைநிற்றல் பழைய மாணவராகிய எம் கடனாகும்.