தைலம் தடவும் கையே, கொஞ்சம் பொறு!

என் மூத்த மகள் தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு கோயமுத்தூருக்கு அழைத்து வந்துவிட்டோம். எட்டாம் மாதம் பிறந்ததும் ஆரம்பித்தது இடுப்பு வலி. ராத்திரியில் புரண்டு படுக்க முடியவில்லை, "அம்மா... அம்மா..." என்று முனகல். பெற்றவள் மனசு கேட்குமா?

எங்கள் ஊரில் வலி என்றால் கை தானாக அலமாரிக்குப் போகும். ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் டீத்தூளும் வர்க்கியும் வாங்குகிறார்களோ இல்லையோ, தைல பாட்டில் வாங்காமல் இறங்குவதில்லை. சளிக்கு நீலகிரித் தைலம், மூட்டு வலிக்கு விண்டர்கிரீன் தைலம். அந்த விண்டர்கிரீன் தைலத்தைத்தான் உள்ளங்கை நிறைய ஊற்றி, காலையும் மாலையும் மகளுக்கு இடுப்பிலும் முதுகிலும் தேய்த்தேன். அதன் மேல் வெந்நீர்ப் பை. அதற்கும் மேலே ஒரு துணிக் கட்டு. "ரொம்ப இதமா இருக்கும்மா" என்றாள். எனக்கும் பெருமைதான். பத்து நாள் இப்படியே போயிற்று.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனோம். லேடி டாக்டர் மகளின் அருகில் வந்ததுமே நின்றுவிட்டார்.

"என்ன வாசனை இது? என்ன தடவறீங்க?"

நான் ஏதோ பதக்கம் வாங்கப் போகிறவள் மாதிரி விவரமாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "எத்தனை நாளா? ஒரு தடவைக்கு எவ்வளவு? அது மேல சூடும் வெச்சீங்களா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரம் இருக்கிறதே... எதிரிக்கும் வேண்டாம் சகோதரிகளே! "பனிக்குட நீர் சரியாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிறகு எதிரில் உட்கார வைத்து, பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதையும், அதன் பின் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இலை வேறு, தைலம் வேறு

"இலையிலிருந்து எடுத்ததுதானே, டாக்டர்? மருந்தா மாயமா?" என்று கேட்டேன்.

"நீலகிரித் தைலம் ஒரு கிலோ எடுக்க ஏறக்குறைய நூறு கிலோ இலை வேணும். அத்தனை இலையோட வேகமும் அந்த பாட்டிலுக்குள்ள அடங்கியிருக்கு. இலைன்னு நினைக்காதீங்க, மருந்துன்னே நினைங்க" என்றார்.

குழம்பில் போடும் இரண்டு கிராம்பும் கிராம்புத் தைலமும் ஒன்றல்ல. சமையலில் சேர்க்கும் பட்டை, கிராம்பு, ஓமம், இஞ்சி பற்றிக் கர்ப்பிணி கவலைப்பட வேண்டாம். அவற்றைக் காய்ச்சி வடித்த எண்ணெயிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

நான் தேய்த்த தைலத்தில் என்ன இருந்தது?

விண்டர்கிரீன் தைலம் முக்கால்வாசிக்கும் மேல் 'மெத்தில் சாலிசிலேட்' என்ற பொருள்தான். இது ஆஸ்பிரின் மாத்திரைக்கு நெருங்கிய சொந்தம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தைலத்தில் இருப்பது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம்! தோலில் தடவினால் அவ்வளவும் உள்ளே போய்விடாது; ஒரு பங்குதான் போகும். ஆனால் நிறைய இடத்தில் தேய்த்து, சூடும் வைத்து, கட்டும் கட்டினால் உள்ளே இறங்குவது கூடிவிடும். நான் மூன்றையும் செய்திருந்தேன்.

கர்ப்பிணிக்கு இதனால் என்ன என்கிறீர்களா? ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை மருந்துகள் வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். அதனால்தான் இவ்வகை வலி மருந்துகளை 20 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்லி, 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. இன்னொன்றும் உண்டு. குழந்தையின் இதயத்தை ஒட்டி ஒரு சிறு ரத்தக் குழாய் இருக்கிறது. பிறந்த பிறகு மூட வேண்டிய அந்தக் குழாய், இந்த மருந்துகளால் கடைசி மாதங்களில் முன்கூட்டியே சுருங்கக்கூடும்.

ஒரு விஷயம்: ரத்த அழுத்தக் கோளாறு வராமல் தடுக்கச் சிலருக்கு டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுப்பதுண்டு. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்! அது அளந்து கொடுத்த மருந்து. நம் கை அளவு வேறு.

கற்பூரமும் நீலகிரித் தைலமும்

தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் சகஜம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும்; தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்கும் போகும். விழுங்கிவிட்டாலோ, சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். அமெரிக்காவில் ஒரு கர்ப்பிணி விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குடித்துவிட்டார். அவர் உடம்பில் ஏறிய கற்பூரம் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருந்ததை 1973-ல் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். இப்படிப் பல விபத்துகள் நடந்த பிறகு, 1982-ல் அங்கே கற்பூர எண்ணெய் விற்பதையே தடுத்துவிட்டார்கள்.

நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் போகவே கூடாது. சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடும் பழைய கை வைத்தியம் கர்ப்பிணிக்கு வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்த இரண்டின் வாசனையையும் கூட விலக்க வேண்டும். தைலம், பாம் இவற்றை முகர்ந்தும் தடவியும் வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூரு நரம்பியல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"அப்போ பூஜையில கற்பூரம் ஏத்தக் கூடாதா டாக்டர்?" என்று கவலையோடு கேட்டேன். சிரித்தார். "ஆரத்தி காட்டுங்க, ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க. மூடின அறையில புகை போட வேண்டாம்" என்றார்.

வேறு என்னதான் செய்வது?

இடுப்பு வலிக்கு: இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார். வெறும் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவலாம். மிதமான சூட்டில் ஒத்தடம், முதுகில் மட்டும், வயிற்றில் கூடாது. மகளுக்குத் தலையணைதான் பெரிய உதவி செய்தது. 'இத்தனை நாள் இது தெரியாம போச்சே' என்று இருந்தது எனக்கு.

சளிக்கு: வெறும் வெந்நீர் ஆவி போதும். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து இருக்கிறது.

மசக்கைக்கு: இஞ்சித் துண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்வது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது.

வாசனை எண்ணெயே வேண்டும் என்றால்: முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு, டாக்டர் சரி என்றால், லாவெண்டர் போன்ற மென்மையான எண்ணெயை ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரே ஒரு சொட்டு என்று கலந்து தடவலாம். கலக்காமல் நேராகத் தோலில் விடக் கூடாது. எந்த வாசனை எண்ணெயையும் குடிக்கக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஐந்து மாதத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல் இருந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம் பாருங்கள். அதே போல இடுப்பு வலி விட்டு விட்டு வந்தாலும், வயிறு இறுகினாலும், ரத்தமோ நீரோ கசிந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் தாமதிக்கவே கூடாது. தைலம் தேய்த்துக்கொண்டு 'விடியட்டும், பார்க்கலாம்' என்று இருந்துவிடுகிறோமே, அதுதான் பெரிய ஆபத்து.

அலமாரியைத் திறந்தேன்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்தேன். திக்கென்றது! ஒரே மாதிரி மூன்று பாட்டில். ஒன்றில் விளக்கெண்ணெய். ஒன்றில் நான் காய்ச்சி வைத்த கற்பூர எண்ணெய். ஒன்றில் லேபிள் உரிந்துபோன நீலகிரித் தைலம். பாதி ராத்திரியில், அரைத் தூக்கத்தில், எந்த பாட்டிலில் கை போகும் என்று யார் கண்டது? அமெரிக்காவில் நடந்தது என் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

கற்பூர எண்ணெயை அன்றைக்கே அப்புறப்படுத்தினேன். மற்றதற்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டி, மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 108-ஐக் கூப்பிட வேண்டும். இதையும் ஒரு சீட்டில் எழ்தி உள்கதவில் ஒட்டினேன்.

டாக்டர் குறித்த தேதி தாண்டியதும் என் மாமியார் ஆரம்பித்தார். "ஒரு கரண்டி வெளக்கெண்ணெய் குடு. எனக்கெல்லாம் அப்படித்தான் குடுத்தாங்க."

"அத்தை, அதுல வயித்தால போகும். பிள்ளைத்தாச்சி உடம்பு தாங்காதுங்க. டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்க வேண்டாம்" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவரை மறுத்துப் பேசியது அதுதான் இரண்டாம் தடவை! இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளுக்குத் தானாக வலி எடுத்து, சுகப்பிரசவம். பெண் குழந்தை. அத்தையின் கோபம் போன இடம் தெரியவில்லை.

பேத்திக்கு முதல் சளி வந்தபோது என் கை மறுபடி பழக்க தோஷத்தில் அலமாரியை நோக்கிப் போனது. பின்னாலிருந்து குரல் வந்தது, அத்தைதான்!

"ஏம்மா, ரெண்டு வயசு ஆகறவரைக்கும் பச்சைப் புள்ளைக்கு மூக்கிலயும் நெஞ்சிலயும் தைலம் கூடாதுன்னு டாக்டர் சொல்லலே? மூச்சே அடைச்சுக்குமாமே!"

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் புத்தி சொல்வதும் அவர்தான்.

நம் கையில் அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. அந்தக் கையில் இருக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தடவுவோம். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு தைல பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாசனை பிடித்துக் கண்டுபிடிக்கும் வேலையை டாக்டருக்கு வைக்க வேண்டாமே!