ஓட்டம் இருவருக்கும், ஓய்வு ஒருவருக்கு மட்டுமா?

"ஏத்தா, யாரு விரட்டுறாக? விடிஞ்சும் விடியாம புருஷனும் பொஞ்சாதியுமா இப்படி ஓடுறீக!"

இளையாத்தங்குடியில் எங்கள் வீதி ஆச்சி ஒருவர் முதல் நாள் கேட்ட கேள்வி இது. எங்கள் சீமைக்கு நெடுந்தூரம் புதிதல்ல. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் நாங்கள். பழனிக்கு நடந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஓடினால் மட்டும் காரணம் கேட்பார்கள்!

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் இவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். தனியாகப் போக இவருக்கு அலுப்பு. துணைக்கு நான் போனேன். ஊருணியைச் சுற்றிய நடை, கீழச்சிவல்பட்டி சாலையில் நடையும் ஓட்டமுமாக வளர்ந்தது. இரண்டு வருஷத்தில் 10 கிலோமீட்டர் ஓட்டமே பழகிவிட்டது. சென்னையில் இருக்கும் மகள் சும்மா இருப்பாளா? "ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானுக்கு ரெண்டு பேரும் வாங்கம்மா" என்று பெயரைக் கொடுத்து விட்டாள்.

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடியபோது, நிர்வாகி ஒருவர் பாய்ந்து வந்து அவருடைய எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். கூட ஓடிய காதலர்தான் அந்த மனிதரைத் தள்ளி விட்டாராம். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984-ல்தான்.

பயிற்சிக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் சின்ன ஓட்டம். ஞாயிறன்று மட்டும் நீண்ட ஓட்டம். அதில் வாரம் ஒன்றோ இரண்டோ கிலோமீட்டர் கூட்டுவோம். நாலாவது வாரம் குறைத்துக் கொள்வோம். முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓட வேண்டியதில்லை. 30, 32 வரை பழகினால் போதும். ஓடும்போது மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். அதுதான் சரியான வேகம். முதலில் இவர் முன்னால் போய் நின்று, "சீக்கிரம் வா" என்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு மெதுவாக ஓடுகிறவர்தான் வேகத்தை வைப்பது என்று ஒப்பந்தம் செய்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் நிறையப் பேசியது அந்தச் சாலையில்தான்!

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 22-வது கிலோமீட்டரில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாலையோர மைல்கல்லில் அப்படியே உட்கார்ந்து விட்டேன். இவர் பயந்து போனார். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6! எங்களைப் போன்ற பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஓடிட்டு வந்து எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

யோசித்தேன். ஏழேகால் மணிக்கு வீடு திரும்பியதும் இவர் முகப்பில் காலை நீட்டிப் படுப்பார். நான் நேரே இரண்டாங்கட்டுக்குப் போவேன். காப்பி, இட்லி, சட்னி, மாமியாருக்குக் கஞ்சி. எல்லோரும் சாப்பிட்டு நான் உட்காரப் பத்து மணி. அதுவரை வெறும் காப்பிதான். கிலோமீட்டரைச் சரிபாதியாகப் பகிர்ந்து கொண்ட நாங்கள் அடுப்பைப் பகிர்ந்து கொள்ளவில்லை!

பக்கத்தில் இருந்த இவர் தலையைக் குனிந்து கொண்டார். அந்த ஜனவரிக்கு நாங்கள் போகவில்லை. "நீ இல்லாம நான் எதுக்கு?" என்றார். மறு ஞாயிறு முதல் காலை இட்லி இவர் பொறுப்பு. மாவு மட்டும் நான் முதல் நாளே அரைத்து வைப்பேன். முதல் இட்லி கொஞ்சம் கல்தான். ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டேனே!

சகோதரிகளே, ஓடாதவர்களுக்கும் இது பொருந்தும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பு என்றால் வயசு என்று விட்டு விடாதீர்கள், பரிசோதித்துப் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில்தான் சாப்பிட வேண்டும். அதோடும் சாப்பாட்டோடும் காப்பி, டீ வேண்டாம்; சத்து உடம்பில் சேராது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும்.

நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இன்னும் சில. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம். வழியில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், தாகத்துக்கு ஏற்ப; வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து. வந்த ஒரு மணிக்குள் ஆகாரம். எங்கள் வீட்டுக் கும்மாயம் ஒரு உருண்டை அதற்கு அருமை. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டே தொடங்க வேண்டும்; சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ள இவர் பையில் எப்போதும் சீனிப் பொட்டலம் உண்டு. இருட்டில் எதிரே வரும் வண்டி தெரிகிற பக்கமாக, வெளிர் நிற உடுப்போடு ஓடுங்கள்.

நாலு மாதம் ஓய்வும் மருந்தும் எடுத்து, இப்போது எனக்கு 12.2. மறுபடி 5 கிலோமீட்டரில் தொடங்கி 18 வரை வந்திருக்கிறோம். வருகிற ஜனவரியில் 42-ஐயும் முடிப்போமோ, பாதியில் நிற்போமோ, தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிப் பானையில் ஆவி வரும்போது நான் முகப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அதுவே பாதி வெற்றி!