நீர்க்கடுப்பு வெறும் சூடுதானா?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் நாம் கண்டுவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி இம்மாதம் எழுதுகிறோம். பொதுத் தறிக்கூடங்களிலும் நடவு வயல்களிலும் வேலை செய்யும் பெண்களுள் பலர், காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டது முதல் மாலையில் திரும்பும் வரை தண்ணீர் அருந்துவதில்லை. தாகம் இல்லாமையால் அன்று. ஒதுங்க இடம் இல்லாமையால். தறிக்குழியில் அமர்ந்தவரோ, இன்னும் ஒரு முழம் நெய்துவிட்டு எழலாம் என்று அடக்கிக்கொண்டே இருக்கிறார். பிறகு எரிச்சல் கண்டால், "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்று இளநீரும் வெந்தயமும் அருந்தி அமைதி கொள்கிறார்கள்.

பெரும்பாலும் இது சூடு அன்று, கிருமி. 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் வைத்தியர் குழந்தைகளின் குடலில் கண்டு விவரித்த நுண்ணுயிர், இன்று அவர் பெயராலேயே எஷரிச்சியா கோலி எனப்படுகிறது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கற்ற அது, சிறுநீர்த் துவாரத்தின் வழியே மூத்திரப்பைக்கு ஏறிவிட்டால் நோய் செய்கிறது. ஆணுக்கு அவ்வழி சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டரே. பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதற்கு இதுவே முதற்காரணமாகும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டியதுமில்லை.

ஏறிவரும் கிருமிகளைக் கழுவி வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டமே. ஏற்ற சூழ்நிலையில் இக்கிருமி ஏறத்தாழ 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இத்தகைய கடுவட்டியை எந்த லேவாதேவிக்காரரும் கேட்டதில்லை! ஆகவே, குடிக்காமலும் கழிக்காமலும் இருப்பது கிருமிக்கு நாமே தவணை கொடுப்பதாகும். இது வெறும் ஊகம் அன்று. பல்கேரியாவில், அடிக்கடி நீர்க்கடுப்புக் கண்டவர்களும் குறைவாக நீர் அருந்துபவர்களுமான 140 பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்று, 2018இல் வெளியாயிற்று. ஒரு பாதியினர் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீர் கூடுதலாக அருந்தினர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் நோய் கண்டது. (சிறுநீரகம் அல்லது இருதய நோய்க்காக நீரைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருப்பவர்கள் அவர் சொற்படியே நடக்க வேண்டும்.)

இளநீரும் நீர்மோரும் நீர் என்ற வகையில் நன்மை செய்யும். ஆனால் வேரூன்றிய கிருமியைக் கொல்லா. எரிச்சலும், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போதலும், அடிவயிற்று வலியும் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்க. குளிர் நடுக்கத்துடன் ஜுரமும், விலாவுக்குக் கீழே முதுகுப்புற வலியும், வாந்தியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அன்றைய தினமே வைத்தியரைக் காண வேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டாலும் தாமதம் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே கிருமி இருக்கலாம். ஆகையால் சிறுநீர்ப் பரிசோதனையை அவர்கள் தவறவிடலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் இந்நோய் வந்தால், உள்ளே வேறு காரணம் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

அண்டை வீட்டார் மீத்து வைத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது, எரிச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்துவது இரண்டும் தீது. மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகுவதற்கு இத்தகைய பழக்கங்களும் காரணம்.

கிருமி இல்லாமலேயே மூத்திரப்பை தொல்லை தருவதும் உண்டு. இருமினாலும் பாரம் தூக்கினாலும் நீர் கசிவது, பிள்ளை பெற்ற பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. நீரை அடக்குவதற்கு உதவும் இடுப்படித் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னால்டு கெகல் விளக்கி எழுதினார். செலவில்லாதது, தறியில் அமர்ந்தபடியே செய்யலாம், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். முதிய ஆண்களுக்கு நீர் தடைப்பட்டு மெல்லிதாக இறங்கினால், பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமே காரணம். வயதின் கோளாறு என்று அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சிகிச்சை உண்டு.

இவ்வளவும் சொன்ன பின்னரும், ஒதுங்க இடமில்லாத ஒரு பெண்ணிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று உபதேசிப்பது நியாயமாகாது. தொழிலாளர்களுக்குக் கழிப்பிடம், அதுவும் பெண்களுக்குத் தனியாக, அமைக்க வேண்டுமென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகை செய்தது. சிறு தறிக்கூடமும் வயல்வரப்பும் தொழிற்சாலைக் கணக்கில் வரவில்லை. சட்டம் எட்டாத இவ்விடத்தில் சங்கம் எட்டலாம். தறிக்கூடத்துக்குக் கூரை மாற்றத் தீர்மானம் போடும் நிர்வாகக் குழு, அதே கூட்டத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பிடத்துக்கும் தீர்மானம் போடட்டும். அது எங்கே அமைய வேண்டும் என்பதைப் பெண் அங்கத்தினர்களைக் கேட்டே முடிவு செய்க. ஆண்கள் கூடிப் பீடி குடிக்கும் மூலையில் கட்டினால், கட்டிய செலவு கணக்கில் மட்டுமே நிற்கும்.