ஆற்றைக் காக்க எழுந்த கோட்டை

பிரான்சின் வடக்கே சேன் ஆறு பெரிதாக வளையும் இடத்தில், சுமார் 90 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைக் குன்றின்மேல் நிற்கிறது ஷாத்தோ கையார் கோட்டை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1196 முதல் 1198 வரை இதைக் கட்டினார். நார்மண்டியும் அவர் ஆட்சியில்தான் இருந்தது. அதன் எல்லையைக் காத்த கீசோர் கோட்டை 1193இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் போனதால், நார்மண்டியின் தலைநகர் ரூவானுக்கு ஆற்றுவழி திறந்து கிடந்தது. அதை அடைக்கவே இந்த ஏற்பாடு. ஆற்றின் குறுக்கே மரத்தடுப்பு, நடுத்தீவில் காவலரண், கரையில் மதில் சூழ்ந்த புது ஊர், எல்லாவற்றுக்கும் மேலே மலைக்கோட்டை.

குன்றின் மற்றப் பக்கங்கள் செங்குத்தானவை. தென்கிழக்கில் மட்டும் மேட்டுநிலத்தோடு ஒட்டியிருந்தது. எதிரி அந்தப் பக்கமாகத்தான் வரமுடியும் என்பதால், அங்கே பாறையை வெட்டி அகழி எடுத்து, முக்கோண வடிவில் முன்கோட்டை எழுப்பினார்கள். அதன் பின்னே நடுக்கோட்டை, அதற்குள் உட்கோட்டை. உட்கோட்டை மதிலின் வெளிமுகத்தில் வரிசையாக அரைவட்டப் புடைப்புகள். தட்டையான பரப்பு இல்லாததால் எறிகல் நேராக மோதாமல் வழுக்கிப்போகும். மதிலடியில் எதிரி ஒளிந்துகொள்ளும் மறைவிடமும் குறையும்.

ரிச்சர்ட் 1199இல் இறந்தார். 1203இல் பிலிப் முற்றுகையிட்டபோது முதலில் மதிலைத் தொடவில்லை. மரத்தடுப்பை உடைத்தார். கோட்டையின் உதவிக்கு இரவில் வந்த ஆங்கிலேயத் தரைப்படையும் படகுகளும் ஒரே நேரத்தில் சேர முடியாமல் தோற்றுத் திரும்பின. பிறகு பிலிப் தீவையும் ஊரையும் பிடிக்க, ஊர்மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். தானியம் குறைந்ததும் தளபதி ரோஜர் த லாசி அவர்களை வெளியேற்றினார். கடைசியாக வெளியேறியவர்களுக்குப் பிரெஞ்சுப் படை வழிவிட மறுக்க, பலர் குளிரிலும் பசியிலும் இரு படைகளுக்கு நடுவே மாண்டார்கள். இந்தக் கோட்டையின் கதையில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பிறகுதான் மதில்களின் முறை. முன்கோட்டைக் கொத்தளத்தின் அடியைக் குடைந்து, மரமுட்டுக் கொடுத்து, முட்டுக்குத் தீவைத்துச் சரித்தார்கள். நடுக்கோட்டைக்குள் காவலில்லாத திறப்பு ஒன்றின் வழியே சிலர் ஏறிப் புகுந்தார்கள். உட்கோட்டை வாசலுக்குப் போகும் பாலம் வெட்டாமல் விட்ட பாறை. மதிலைக் குடைந்தவர்களுக்கு அதுவே கூரையாயிற்று. 1204 மார்ச் 6இல் கோட்டை வீழ்ந்தது. ஜூனில் ரூவானும் சரணடைந்தது.

1599இல் நான்காம் ஹென்றி இதை இடிக்க ஆணையிட்டும், அந்தப் புடைப்பு மதில் இன்றும் நிற்கிறது. மதிலின் நுட்பத்தில் பெரிய குறை இல்லை. உணவும் படையும் வந்துசேர வேண்டிய ஆறு, முற்றுகையின் தொடக்கத்திலேயே கைவிட்டுப் போயிருந்தது.