லிங்கி ஆற்று முகத்தில் டச்சுத் துப்பாக்கி

சிரம்பான், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களைக் கடந்து ஓடிவரும் லிங்கி ஆறு, கோலா லிங்கியில் கடலோடு கலக்கிறது. அங்கே, மலாக்காக் கரை மேட்டில் ஒரு கோட்டையின் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1750களில் கட்டிய பிலிப்பினா கோட்டை அது. உள்நாட்டு வெள்ளீயம் இந்த ஆற்று வழியாகத்தான் வெளியே போயிற்று. 1756இல் லிங்கியின் பூகிஸ் தலைவர் டாயெங் கெம்போஜாவின் படை மலாக்காவைத் தாக்கியது. டச்சுக்காரர் பதிலுக்குப் போரிட்டு, 1758 உடன்படிக்கையில் அந்த வெள்ளீய வாணிபத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர்.

அன்றைய டச்சுச் சிப்பாயின் ஆயுதம் சக்கிமுக்கித் துப்பாக்கி. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், 4 முதல் 5 கிலோ எடை. வெடிமருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் இட்டு மூடுவான். மீதி மருந்தைக் குழாய் வாயில் கொட்டி, காரீயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவான். விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய சுத்தி பாய்ந்து எஃகு மூடியை உரசும். மூடி விலகும், பொறி கிண்ணத்தில் விழும், தீ சிறு துளை வழியே உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும், அது வெடித்துக் குண்டைத் தள்ளும். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு 2, 3 முறை சுடுவான்.

குழாயைவிடக் குண்டு சற்றுச் சிறியது. உட்சுவரில் மோதிக்கொண்டே வெளியேறும். 100 மீட்டருக்கு அப்பால் குறி தவறிவிடும். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பைக் கம்பெனி வங்காளத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. ஈரம் பட்டால் மருந்து பற்றாது. மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாததுபோல, அடைமழையில் இந்தத் துப்பாக்கியும் வேலைக்கு ஆகாது. எதிர்த்து நின்ற மலாய், பூகிஸ் வீரர்களிடமும் இஸ்திங்கார் என்ற திரித் துப்பாக்கியும் லேலா என்ற சிறு பீரங்கியும் இருந்தன.

வரிசை கட்ட இடமில்லாத காட்டுக்குள் இத்தகைய துப்பாக்கியை நம்பி நெடுந்தூரம் போக முடியாது. ஆற்று முகத்தில் மதிலும் பீரங்கியும் இருந்தால், கடலுக்கு வரும் படகைத் தடுக்கலாம். மருந்தையும் நனையாமல் காக்கலாம். டச்சுக்காரரின் பலம் அந்த இடத்தில்தான் இருந்தது. லிங்கிக் கரைத் தோட்டப் பிள்ளைகளை ஆசிரியர்கள் ஒருமுறையாவது அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். மேட்டில் நின்று ஆற்றையும் கடலையும் ஒருசேரப் பார்த்தால், பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் படித்த போரின் காரணம் அவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.