மடிக்கணினியின் சிறு கண்

2020-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் ஊரடங்கின் காரணமாகப் பக்தர்கள் கூட்டமின்றி நடந்தேறியது. காளவாசல் முதலிய பகுதிகளில் உள்ள இல்லத்தினர் அதனை இணைய நேரலையில் தரிசித்தனர். சுமங்கலிகள் வீட்டிலேயே மங்கல நாண் மாற்றிக்கொண்டனர்.

நேரலையில் நாம் காண்கிறோம். நம்மை எவரும் காண்பதில்லை. காணொலி அழைப்போ இருவழிப் பார்வை. அயல்நாட்டில் வாழும் மகனும் பேரக்குழந்தையும் பெரியோரை நமஸ்கரித்து ஆசி பெற அது துணைநிற்கிறது.

மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பில் பொட்டளவில் தெரிவதே உள்ளமைந்த கேமரா. கணினியை மடியில் வைத்தால் அது முகவாயையும் மின்விசிறியையுமே காட்டும். மேசைமீது ஒரு மணையை இட்டு, அதன்மேல் கணினியை வைத்துக் கேமராவைக் கண்மட்டத்திற்கு உயர்த்துதல் நலம். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முகத்தின்மேல் விழ வேண்டும்.

சஷ்டியப்தபூர்த்தி, ஆயுஷ்ய ஹோமம் போன்றவற்றைக் காட்ட வெளிக் கேமராவே ஏற்றது. யூஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, முக்காலியில் பொருத்தி, ஹோம குண்டத்தை நோக்கித் திருப்பலாம். புகையும் அனலும் படாத தூரம் அவசியம். கம்பியைச் செருகிய பின்னும் பழைய கேமராவே இயங்கினால், ஜூம் செயலியில் வீடியோ பொத்தானை அடுத்துள்ள சிறு அம்புக்குறியை அழுத்திப் புதிய கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிவாங்கியையும் அவ்வாறே தேர்ந்தெடுக்கலாம். படம் தெரியாவிடில், வேறொரு செயலி கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்த்து, அதனை மூடுக. விண்டோஸ் அமைப்புகளில் கேமராவுக்கு அனுமதி உள்ளதா என்பதையும் நோக்குக. இவற்றை முதல் நாளே ஒருமுறை சோதித்துவிட்டால் முகூர்த்த வேளையில் பதற்றம் இராது.

அழைப்பு முடிந்ததும் கேமராவின் அருகிலுள்ள சிறு விளக்கு அணைந்ததா எனக் காண்பது நல்வழக்கம். வெளிக் கேமராவாயின் கம்பியைக் கழற்றிவிடலாம்.

அனைத்திலும் முக்கியமானது ஒன்று உண்டு. காவல்துறைச் சீருடையில் காணொலியில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்துள்ளோம், கேமராவை அணைக்கக் கூடாது" என்று மிரட்டி, முதியோரின் வைப்புநிதியைப் பறிக்கும் கும்பல்கள் உள்ளன. அத்தகைய கைது சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் தமது வானொலி உரையில் இதனை எச்சரித்தார். அவ்வழைப்பை உடனே துண்டித்து, பிள்ளைகளிடம் கூறி, 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் அனுப்பிவிட்டவர்களும் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. விரைந்து புகார் செய்தால் அத்தொகையை வங்கிகள் இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

வாசற்கதவை யாருக்குத் திறப்பது என்று பெரியோர் நன்கறிவர். இச்சிறு கண்ணும் அத்தகைய வாசலே. உற்றாருக்கு அதனைத் திறந்து, மற்றோருக்குத் தயங்காமல் அடைப்போமாக.