விரல் நுனியில் நிகழும் உரையாடல்

ஓரிடத்திலிருப்பவர் எழுதும் சொல் மறுகணமே வேறோரிடத்திலிருப்பவரின் முன் தோன்ற, அவரும் தாமதமின்றி மறுமொழி எழுதி அனுப்பும் முறைக்கு உடனடிச் செய்தி முறை என்று பெயர். 1996ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டிலே தோன்றிய ஐ.சி.கியூ., 1997இல் வந்த ஏ.ஓ.எல். இன்ஸ்டன்ட் மெசஞ்சர், 1999இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட எம்.எஸ்.என். மெசஞ்சர் என்பன இம்முறையை உலகெங்கும் பரப்பின. கடிதத்தின் நிதானமும் தொலைபேசியின் விரைவும் இதில் ஒருங்கே அமைந்திருந்தமையால் இளைஞரும் முதியோரும் இதனை விரும்பி ஏற்றனர். ஆயினும் இவையெல்லாம் கண்ணாற் காணும் திரையை ஆதாரமாகக் கொண்டு அமைக்கப்பட்டவை. விழிப்புலனற்ற ஒருவர் இவ்வுரையாடலிற் கலந்துகொள்வது எங்ஙனம்? விழியோடு செவிப்புலனையும் இழந்த ஒருவர் கலந்துகொள்வது எங்ஙனம்?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு முதலிற் பிரெயில் எழுத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பிரான்சு தேசத்தின் கூப்வ்ரே என்னும் ஊரில் 1809ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், மூன்றாம் வயதிலே தந்தையாரின் தோற் பட்டறையிற் கூரிய கருவியொன்று கண்ணிற் பட்டதனாற் பார்வையை இழந்தார். ஷார்ல் பார்பியே என்பவர் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை அவர் ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, ஒவ்வோர் எழுத்தும் ஒரு விரல் நுனியில் அடங்குமாறு செய்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினைந்து. நெடுக்காக மூன்று, குறுக்காக இரண்டு என அமைந்த அவ்வாறு புள்ளிகளைக் கொண்டு அறுபத்துமூன்று வடிவங்களை ஆக்கலாம். எழுத்து, எண், இசைக்குறி ஆகிய யாவும் இவற்றினாலேயே எழுதப்படுகின்றன.

தாளிற் குத்திய புள்ளி நிலையானது. உரையாடலோ கணந்தோறும் மாறுவது. ஆகவே எழுந்தும் தாழ்ந்தும் மாறக்கூடிய புள்ளிகள் தேவைப்பட்டன. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர் 1880இற் கண்டறிந்தனர். அவ்வியல்பின் மறுபக்கமே இங்கே பயன்படுகின்றது. ஏறத்தாழ இருநூறு வோல்ட் மின்னழுத்தம் செலுத்தப்பட்டதும் மெல்லிய பீங்கான் பட்டையொன்று சிறிது வளைகின்றது. அதன் முனையில் நிற்கும் ஊசி தூவாரத்தின் வழியே மேலெழுகின்றது. மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் விரலுக்குத் தீங்கில்லை. இவ்வாறு எட்டு ஊசிகள் சேர்ந்தது ஒரு கட்டம். அவற்றுள் ஆறு ஊசிகள் எழுத்தைக் காட்டுவன. கீழுள்ள இரண்டும் எழுதுமிடத்தைச் சுட்டுவதற்கு உதவுவன.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டீன் பிளேசி என்பவர் 1987இல் வெளியிட்ட 'பிரெயில் என் ஸ்பீக்' என்னுங் கருவி ஏழு விசைகளை மாத்திரம் உடையது. பிரெயிலில் எழுதியதை அது குரலிற் படித்துக் காட்டியது. கையில் எடுத்துச் செல்லத்தக்க பிரெயிற் குறிப்பேட்டுக் கருவிகளுக்கு அதுவே வழிகாட்டி எனலாம். 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்து நிறுவனமொன்று பிரெயில்நோட் என்னுங் கருவியைக் கொண்டுவந்தது. பதினெட்டு அல்லது முப்பத்திரண்டு கட்டங்களையுடைய வரியொன்று அதன் முன்புறத்தில் அமைந்திருந்தது. கொரியாவின் ஹிம்ஸ் நிறுவனம் ஆக்கிய பிரெயில் சென்ஸ் என்னுங் கருவியில், எம்.எஸ்.என். மெசஞ்சர் வழியாக நண்பருடன் உரையாடும் வசதியும் சேர்க்கப்பட்டது.

பார்வையுடையோர் திரையைக் காணும்பொழுது, வந்த செய்திகளையும் தாம் எழுதும் வரியையும் இணைப்பிலிருக்கும் நண்பர் பெயர்களையும் ஒரே நோக்கிற் காண்பர். பிரெயிற் கருவியைப் பயன்படுத்துவோருக்கு அமைந்திருப்பதோ ஒரே வரி. நூறு எழுத்துள்ள செய்தியொன்றை முப்பத்திரண்டு கட்ட வரியிற் படிக்க மூன்று முறை நகர்த்த வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொரு செய்தி வந்து, விரலின் கீழிருக்கும் எழுத்துக்கள் திடீரென மாறிவிடின் படிப்பவர் தடுமாறிப்போவார். ஆகவே நல்ல கருவியானது புதிய செய்தியின் வருகையை ஒலியாலோ அதிர்வாலோ அறிவித்து, படிப்பவர் தாமே கேட்கும் வரையிற் புள்ளிகளை அசையாது நிறுத்தி வைத்தல் வேண்டும். ஒரு வரியில் உரையாடலை நடத்துவோருக்கு இது இன்றியமையாத தேவையாகும்.

மற்றுமொரு சிக்கல் பிரெயிலின் சுருக்கெழுத்திலிருந்து எழுவது. ஆங்கிலப் பிரெயிலிலே 'பி' என்னும் எழுத்துத் தனித்து நின்றால் 'பட்' என்னுஞ் சொல்லாகும். 'சி' தனித்து நின்றால் 'கான்'. 'யு' தனித்து நின்றால் 'அஸ்'. உடனடிச் செய்தி எழுதும் இளைஞரோ 'மீண்டும் சந்திப்போம்' என்ற பொருளில் 'சி யு' என்னும் ஈரெழுத்துக்களையே எழுதுவது வழக்கம். விழிப்புலனற்றவர் அவ்விரண்டையும் எழுத்துக்குறியின்றித் தட்டிவிடின், கருவி அவற்றைக் 'கான் அஸ்' என விரித்து அனுப்பிவிடும். பெறுபவர் பொருள் விளங்காது திகைப்பார்.

முகபாவக் குறிகளின் கதை இதனினும் வியப்பானது. முக்காற்புள்ளிக்குப் பின் வலப்புற அடைப்புக்குறி வந்தாற் புன்னகை. இடப்புற அடைப்புக்குறி வந்தாற் துயரம். ஆனால் பழைய ஆங்கிலப் பிரெயிலில் இவ்விரு அடைப்புக்குறிகளுக்கும் ஒரே வடிவமே இருந்தது. ஆகவே நண்பர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதை விரலால் அறிய இயலாது போயிற்று. இதனாற் பலர் கணினிக்கென வகுக்கப்பட்ட வேறொரு பிரெயில் முறையை நாடினர். 2004இல் அனைத்துலக ஆங்கிலப் பிரெயில் மன்றம் ஏற்றுக்கொண்ட ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெயில் இவ்விரு குறிகளுக்கும் வெவ்வேறு வடிவம் தந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அது லூயி பிரெயிலின் பிறந்த தினமாகிய 2016 ஜனவரி 4ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது.

இச்சிக்கல்கள் யாவும் அறிவாளரின் முயற்சியினால் ஒருவாறு தீர்க்கப்பட்டன. அதிலும் பெரிய இடர் வெளியிலிருந்து வந்தது. பிரெயிற் கருவியை ஆக்கியோர் ஒரு செய்தி நிறுவனத்தின் பரிமாற்ற விதிகளைப் பின்பற்றியே தம் மென்பொருளை எழுதியிருந்தனர். அந்நிறுவனம் விதியை மாற்றினாலும் சேவையை நிறுத்தினாலும் கருவி ஊமையாகிவிடும். எம்.எஸ்.என். மெசஞ்சர் 2013இற் சீனா தவிர்ந்த நாடுகளில் நிறுத்தப்பட்டது. ஏ.ஓ.எல். மெசஞ்சர் 2017இலும் ஐ.சி.கியூ. 2024இலும் மறைந்தன. பார்வையுடையோர் வேறொரு செயலியை இலவசமாக இறக்கிக்கொண்டனர். பிரெயிற் கருவியை வைத்திருந்தவரோ உற்பத்தியாளர் புதிய மென்பொருள் எழுதித் தரும்வரை காத்திருக்க நேர்ந்தது. விசையும் பழுதின்றி, புள்ளியும் பழுதின்றி, நண்பர் மாத்திரம் எட்டாத நிலையில் நின்றார். எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த விதியாக 1999இல் ஜாபர் என்னும் பெயரில் ஒன்று தோன்றியது. 2005இல் வந்த கூகிள் டோக் அதனையே கையாண்டது. ஆனால் 2013இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட ஹாங்கவுட்ஸ் அவ்விதியைக் கைவிட்டது.

பின்னர் வந்த கருவிகள் வேறு வழியை நாடின. 2016இல் வெளியான பிரெயில்நோட் டச், அண்ட்ரொயிட் இயங்குதளத்தில் அமைந்தமையால், பொதுமக்கள் பயன்படுத்தும் செயலிகளையே அதில் ஏற்றலாம் என்றாயிற்று. இதனால் ஒரு பூட்டுத் திறந்தது. எனினும் மற்றொன்று பூட்டிக்கொண்டது. 2016இல் வந்த அக்கருவியில் இருந்தது 2013இல் வெளிவந்த அண்ட்ரொயிட் பதிப்பு. செயலிகள் ஆண்டுதோறும் புதிய பதிப்பை வேண்டுவன. ஐயாயிரம் அமெரிக்க டொலருக்கும் மேல் விலை கொடுத்து வாங்கியதொன்றைச் சில ஆண்டுகளில் மாற்றுதல் எல்லோர்க்கும் இயலுவதன்று.

விழியும் செவியும் அற்றோருக்கு இவ்வசதி எத்துணை பெரிதென்பதற்கு ஹாபென் கிர்மா அம்மையார் தக்க சான்று. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் 2013இற் பட்டம் பெற்ற அவர், அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற முதல் விழிசெவிப்புலனற்றவராவார். எதிரே இருப்பவர் சாதாரண விசைப்பலகையிற் தட்டும் சொற்கள் கம்பியின்றி அவருடைய பிரெயிற் கருவியிற் புள்ளிகளாக எழுகின்றன. அவற்றைத் தொட்டு அறிந்து அவர் வாயால் மறுமொழி கூறுவார். 2015 ஜூலை மாதத்தில் வெள்ளை மாளிகையில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவ்விசைப்பலகையிற் தட்டியே அவருடன் உரையாடினார். செய்திப் பரிமாற்றம் தொலைவிலுள்ளோருக்கு மாத்திரமன்றி, எதிரே நிற்போருக்கும் பாலமாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இத்தகையோர் வறுமையினாற் கருவியின்றி இருத்தலாகாதென, 2010இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமொன்று ஆண்டுதோறும் ஒரு கோடி டொலர் வரையில் ஒதுக்க வழி செய்தது. குறைந்த வருவாயுடைய விழிசெவிப்புலனற்றோர்க்குத் தொடர்புக் கருவிகள் அதனால் இலவசமாகக் கிடைக்கின்றன, பயிற்சியும் அளிக்கப்படுகின்றது.

தமிழ் மொழிக்கும் இதில் இடமுண்டு. 1951இல் இந்தியாவில் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் அகரத்துக்கு ஒரே புள்ளி. அதுவே ஆங்கிலத்தின் முதலெழுத்துக்கும் வடிவம். ஆகவே ஒரு கருவியின் அதே ஆறு விசைகளிலே தமிழையும் எழுதலாம். 2002இல் தொடங்கப்பட்ட லிப்லூயி என்னுங் கட்டற்ற மென்பொருளில் தமிழ்ப் பிரெயிலுக்கும் மாற்று அட்டவணை இடம்பெற்றுள்ளது. எழுத்து ஆயத்தமாய் இருக்கின்றது. அதனைச் சுமந்து செல்லும் விதிகள் திறந்தனவாயும் நிலைத்தனவாயும் இருக்க வேண்டுமென்பதே விழிப்புலனற்றோரின் வேண்டுகோள். புதிய செய்தி முறையொன்றை வகுப்போர், தொடக்கத்திலேயே விரலாற் படிப்போரையும் எண்ணி வகுப்பாராயின், பின்னர் ஒருவரும் வாயிலில் நின்று காத்திருக்க வேண்டியதில்லை.